மருமகள் வைத்த புள்ளிகள்

என் மருமகளைப் பார்த்த மருத்துவர் எழுதிக் கொடுத்த இரண்டு சீட்டுகளை நான் ஒளித்து வைத்தேன். ஒன்று அவளுக்கான பரிசோதனை, மற்றது என் மகனுக்கானது. இரண்டையும் நாலாக மடித்து ஒரு பழைய மடக்கை அட்டவணைப் புத்தகத்துக்குள் செருகி, அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டேன். இரண்டரை ஆண்டுகள் அவை அங்கேயே கிடந்தன. அந்த இரண்டரை ஆண்டும், கருமுட்டைக்கு நல்லது என்று சொல்லி அவளுக்கு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மேகலா இன்று நன்றாக இருக்கிறாள். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பவர்கள் பதறாமல் படிக்கலாம். எழுதுகிற எனக்கும் கை நிதானப்படும்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. ராசிபுரம் பக்கத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு முப்பத்து மூன்று வருடம் வேதியியல் நடத்தினேன். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகன் குமார், போர்வெல் ரிக் வண்டியில் மேனேஜர். வண்டி ராஜஸ்தானில் இருக்கும், சத்தீஸ்கரில் இருக்கும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை வந்து பத்து நாள் தங்குவான். துணி துவைத்துக் காய்வதற்குள் அடுத்த ஃபோன் வந்துவிடும். வீட்டில் நானும் மேகலாவும்தான். அவள் பி.காம். படித்தவள், ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து கொடுப்பாள்.

கல்யாணமாகி மூன்று வருடம் குழந்தை இல்லை. விசேஷ வீடுகளில் அவளைக் கேட்கத் தொடங்கினார்கள். என்னையும் கேட்டார்கள். கூட்டிப்போக மாமியார் இல்லை, புருஷன் ஊரில் இல்லை. ஆகவே நானே ஊரில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பேசி முடித்து மேகலா ரத்தம் கொடுக்க உள்ளே போனபோது, நர்ஸ் பெரியவர் என்று பார்த்து என்னிடம் சீட்டுகளை நீட்டினாள்.

"இது அவங்களுக்குங்க. இது அவங்க ஊட்டுக்காரருக்கு. ரெண்டும் பாத்துட்டு வரச் சொல்லுங்க."

அவளுடைய சீட்டில் உள்வழி ஸ்கேனும், கருக்குழாயில் சாயம் செலுத்தி எடுக்கிற எக்ஸ்ரேயும் எழுதியிருந்தது. சூலகத்திலிருந்து கருப்பைக்கு முட்டை வரும் பாதை திறந்திருக்கிறதா என்று பார்க்கிற படம் அது. குமாரின் சீட்டில் விந்தணுப் பரிசோதனை. அந்தச் சொல்லைப் படித்ததும் சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். அடுத்து அவளுடைய சீட்டையும் வைத்தேன். அது ஏன் என்று பிறகு பல நாள் என்னையே கேட்டிருக்கிறேன். பதில் எளிது. அவளுக்குக் குறையில்லை என்று வந்துவிட்டால் அடுத்த கேள்வி என் மகனிடம் வரும். அது வராமல் இருக்க வேண்டுமானால் அவளையும் யாரும் பார்க்கக் கூடாது.

ரத்தப் பரிசோதனையில் ரத்தம் கொஞ்சம் குறைவு என்று வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

"டாக்டர்கிட்ட மறுபடியும் போய்க் கேட்டேன் அம்மிணி. சத்துக் குறைவுதானாம். மாத்திரை சாப்பிட்டாப் போதும், டெஸ்டெல்லாம் பொறவு பாத்துக்கலாமுன்னாங்க."

நான் மறுபடியும் போகவுமில்லை, கேட்கவுமில்லை. மேகலா, "சரிங்க மாமா" என்றாள். அவள் என்னை நம்பியது நான் மாமனார் என்பதனால் மட்டுமல்ல. நான் வேதியியல் வாத்தியார்.

மாத்திரைகளைப் பற்றி நான் சொன்னது முழுப் பொய்யுமல்ல, அதுதான் சங்கடம். உடலில் ஆக்சிஜனேற்றம் நடக்கும்போது நிலையில்லாத சில மூலக்கூறுகள் உண்டாகின்றன; அவை செல்களைத் தாக்கும், கருமுட்டையையும் தாக்கும். வைட்டமின் சி, ஈ போன்றவை அவற்றை அடக்கும். இதைப் பத்திரிகையில் படித்தேன், இணையத்தில் படித்தேன், எனக்குத் தெரிந்த பாடத்தோடு அது அழகாகப் பொருந்தியது. ஒரு நாள் சமையலறையில் வாழைத்தண்டு நறுக்கி, பாதியை மோரில் போட்டேன், பாதியை அப்படியே தட்டில் விட்டேன். சற்று நேரத்தில் தட்டில் இருந்தது கறுத்துவிட்டது. மோரில் இருந்தது வெள்ளையாகவே கிடந்தது.

"பாத்தியா? உன்ற கருமுட்டையும் இப்படித்தான். வெளிய கெடந்தாக் கறுக்கும். மாத்திரைங்கறது மோரு."

அவள் சிரித்துவிட்டாள். "நான் என்னங்க மாமா, வாழைத்தண்டா?"

நல்ல கேள்வி. அன்றே அதற்கு நான் பதில் தேடியிருக்க வேண்டும்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் வைத்திருந்த மருந்துக் கடையில் நான்கு புட்டிகள் வாங்கினேன். நாளுக்கு இரண்டு என்று புட்டியில் போட்டிருந்ததை நான்காக்கினேன். வினைபொருளைக் கூட்டினால் வினை வேகமாக நடக்கும் என்பது என் கணக்கு. அது சோதனைக் குழாய்க்குச் சரி. பிறகு, மிச்சமிருந்த வரைபடத் தாளில் மாதம் ஒன்றாகக் கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மாத்திரை சாப்பிட்ட நாளில் அவள் டிக் போட வேண்டும்.

முதல் மாதத் தாளில் இரண்டு கட்டங்களில் டிக்குக்குப் பதிலாகச் சின்னப் புள்ளி இருந்தது. மாத்திரை விட்டுப்போன நாட்கள் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்தடுத்த மாதங்களில் மூன்று புள்ளி, நான்கு புள்ளி. ஒரு மாதம் ஆறு.

"என்ன அம்மிணி, இந்த மாசம் ஆறு நாளு விட்டுப்போச்சாட்ட இருக்குது? இப்படி விட்டா எப்படிப் பலிக்கும்?"

அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "இனிமே பாத்துக்கறேனுங்க மாமா" என்றாள்.

ஊரில் எனக்கு மாத்திரை வாத்தியார் என்று பெயரே வந்துவிட்டது. குழந்தையில்லாத வீடுகளிலிருந்து வந்து கேட்டார்கள். காசு வாங்கவில்லை, கமிஷன் வாங்கவில்லை, மதிப்பு கிடைத்தது. அதுவே போதையாக இருந்தது. ஏழு வீடுகளுக்கு வாழைத்தண்டுக் கதையைச் சொல்லி, புட்டிகளின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

போன வருடம் ஐப்பசியில் ஒரு காலை, பதினொரு மணி இருக்கும். ஆரி வேலைச் சட்டம் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டு ஓடினேன். மேகலா தரையில் முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். முகம் வெளுத்து வியர்த்திருந்தது. வாந்தி எடுத்தாள். "வலிக்குதுங்க மாமா, வலிக்குதுங்க மாமா" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. பக்கத்து வீட்டுக் காரில் சேலத்துக்குக் கொண்டுபோனோம். மல்லூர் தாண்டும்போது அவள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் மோதிரம் விரலில் பதிந்து ரத்தம் கன்றிவிட்டது. அந்தத் தடம் போன பிறகுதான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. அதற்கு நாலு நாள் ஆயிற்று.

சேலத்து மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். இடது சூலகத்தில் ஒரு கட்டி, எலுமிச்சையைவிடப் பெரியது. அதிலிருந்து கொஞ்சம் கசிந்து வயிற்றுக்குள் பரவியிருந்தது. வலி அதனால்தான். டிரிப் ஏற்றி, வலிக்கு ஊசி போட்டு, உடனே உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். அந்த வாக்கியத்தில் "உடனே" என்ற சொல்லை மட்டும் நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பெரிய மருத்துவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. விறுவிறுவென்று பேசுவார், கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை கண்ணை எடுக்க மாட்டார். மேகலாவின் அம்மா ருக்மணி நாமகிரிப்பேட்டையிலிருந்து அதற்குள் வந்துவிட்டிருந்தார்.

"வீட்டுக்காரர் மாசத்துல எத்தனை நாள் வீட்ல இருப்பாரு?" என்று மருத்துவர் கேட்டார்.

"மாசத்துலீங்களா?" என்றார் ருக்மணி. "வருசத்துல எத்தன நாளுன்னு கேளுங்க டாக்டரு. வெரல் விட்டே சொல்லிப்போடலாம்."

மருத்துவர் சிரிக்கவில்லை. "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

இதற்குத்தான் நான் தயாராக வந்திருந்தேன். வீட்டிலிருந்து நான்கு புட்டிகளையும், முப்பது மாதத்து வரைபடத் தாள்களையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்து வரப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். மருத்துவர் மகிழ்வார் என்று நினைத்தேன், வெட்கத்தோடு எழுதுகிறேன். அவர் புட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் நாளுக்கு நான்கு என்றேன்.

"நாலா? யாரு சொன்னது?"

"நான்தான் டாக்டர். வேதியியல் ஆசிரியர்."

"சார், இந்த வைட்டமின் ஈ அதிகமானா சிலருக்கு ரத்தம் உறையறது தாமதமாகும். ஆபரேஷன் பண்ணணும்னா நான் இப்ப யோசிக்கணும். இந்த வைட்டமின் ஏ இருக்கு பாருங்க, இந்த அளவுல சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது கரு தங்கியிருந்தா குழந்தைக்கே கெடுதல் வந்திருக்கலாம்."

குழந்தைக்கு என்று கொடுத்த மருந்து. 

"ஆன்டிஆக்சிடன்டே கெட்டதுன்னு நான் சொல்லல" என்று அவரே தொடர்ந்தார். "நீங்க படிச்சதுல தப்பில்ல. முட்டைக்கு அந்தப் பாதிப்பு இருக்கறது நெஜம். ஆனா மாத்திரையாக் குடுத்தாக் குழந்தை பொறக்குமான்னு இன்னும் யாராலயும் உறுதியாச் சொல்ல முடியல. சிலருக்குக் கொஞ்சம் உதவலாம். என்ன கோளாறுன்னு பாக்காமக் குடுத்துக்கிட்டே இருக்கறதுதான் தப்பு." பேசிக்கொண்டே தாள்களைப் புரட்டியவர் நிறுத்தினார். "இந்தப் புள்ளியெல்லாம் என்ன?"

"மாத்திரை விட்டுப்போன நாளுங்க" என்றேன்.

"இல்லீங்க டாக்டர்." கட்டிலில் இருந்து மேகலாவின் குரல். "நான் ஒரு நாளும் மாத்திரைய விட்டதில்லீங்க. அது வலிச்ச நாளுங்க."

மருத்துவர் தாள்களை மெத்தை மேல் வரிசையாகப் பரப்பினார். இரண்டு புள்ளி, மூன்று, நான்கு, ஆறு, கடைசித் தாளில் ஒன்பது. ஒவ்வொரு மாதமும் மாதவிலக்காகித் தூரம் வருகிற நாட்களில் தொடங்கி, மாதத்துக்கு மாதம் இரு பக்கமும் படர்ந்துகொண்டே போயிருந்தன. முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்கு வரைபடத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். என் ஃபிரிட்ஜ் கதவில் இரண்டரை வருடம் ஒரு வரைபடம் தொங்கியிருக்கிறது.

"எண்டோமெட்ரியோசிஸ்" என்றார் மருத்துவர். எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். கருப்பையின் உள்பக்கம் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. மாதாமாதம் உதிர்ந்து தூரமாக வெளியே வருவது அதுதான். சிலருக்கு அதே போன்ற படலம் கருப்பைக்கு வெளியேயும் வளர்ந்துவிடும், சூலகத்தில், குழாயில். அங்கேயும் மாதாமாதம் ரத்தம் கசியும். வெளியே வர வழியில்லை. அது தேங்கித் தேங்கிக் கட்டியாகும், பக்கத்து உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். உள்ளே பழைய ரத்தம் சாக்லேட் குழம்பு போல் இருப்பதால் சாக்லேட் கட்டி என்றும் சொல்வார்களாம். வலிக்கும் அதுவே காரணம், குழந்தை தங்காததற்கும் அது காரணமாக இருக்கலாம்.

"எல்லாப் பொம்பளைக்கும் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோன்னு நானுந்தாங்க சொன்னேன்" என்று ருக்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதுக்கு முன்னாடி யாருமே டெஸ்ட் எழுதலியா?" என்று மருத்துவர் கேட்டார்.

"மாத்திரையே போதுமுன்னு சொல்லிட்டாங்கனு மாமா சொன்னாங்க" என்றாள் மேகலா.

நான் வாயைத் திறக்கவில்லை. சீட்டுகளை ஒளித்தது முதல் தவறு. அந்த அறையில் அந்த நேரத்தில் மௌனமாக நின்றது அதைவிடப் பெரியது என்று இன்று நினைக்கிறேன். அவள் வலியில் படுத்துக்கொண்டு என் பொய்யை எனக்காக அவளே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை இன்னொரு கவலை சேர்ந்தது. ரத்தத்தில் ஒரு புரதத்தின் அளவு கூடியிருந்தது. புற்றுநோயிலும் அது கூடும், எண்டோமெட்ரியோசிஸிலும் கூடும். கட்டியை எடுத்துத் திசுவைப் பரிசோதித்தால்தான் தெரியும் என்றார்கள். நான் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லி ராசிபுரத்துக்குப் பஸ் ஏறினேன். வீட்டுக்குள் போனதும் துணியைத் தேடவில்லை. நாற்காலி போட்டு ஏறி அந்தப் புத்தகத்தை எடுத்தேன். சீட்டுகளின் மடிப்பு பழுத்திருந்தது.

மறுநாள் காலை கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அவள் கையில் இரண்டையும் கொடுத்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். குமாரைக் காப்பாற்றத்தான் அவளுடைய சீட்டையும் மறைத்தேன் என்பதையும் விடாமல் சொன்னேன். அவள் தேதியைப் பார்த்தாள்.

"விட்டுப்போச்சான்னு கேட்டீங்களே மாமா" என்றாள். "ஒரு நாளாச்சும் வலிக்குதான்னு கேப்பீங்கனு நெனச்சேன். வாய் விட்டு உங்ககிட்டச் சொல்ல முடியுமுங்களா? அதுக்குத்தான் புள்ளி வெச்சேன்."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "கொஞ்ச நாளைக்கு உள்ள வராதீங்க."

நான் கீழே காத்திருப்புக் கூடத்துக்கு வந்தேன். வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள், எண் காட்டும் சிவப்பு விளக்கு, ஓயாமல் திறந்து மூடும் லிஃப்ட். மூன்று நாள் அங்கேதான் இருந்தேன். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி பக்கத்து நாற்காலிகளில் இருந்தார்கள்; அந்த அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். கணவர் ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்கிறவர். "சாருக்கு யாரு இருக்காங்க மேல?" என்று கேட்டார். மருமகள் என்றேன். "மருமகளுக்காகவா இந்த வயசுல இங்க குந்திக்கினு இருக்கீங்க! குடுத்து வச்ச பொண்ணு" என்றார். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

மதியம் ருக்மணி லிஃப்டிலிருந்து வந்து என் முன்னால் நின்றார். வயதில் என்னைவிடப் பதினைந்து வருடம் சிறியவர். இதுவரை என்னிடம் குரல் உயர்த்தியதில்லை.

"ஏனுங்கண்ணா, நாங்க பொண்ணுக் குடுத்தமா, இல்ல உங்க லேபுக்கு எலி குடுத்தமா?"

கூடத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலை குனிந்திருந்தேன். அவர் தொடர்ந்து பேசினார். எதுவும் தப்பில்லை, ஆகவே இங்கே எழுதவில்லை. பேசி முடித்து மூச்சு வாங்கிவிட்டு, கையிலிருந்த தூக்குப்போசியை நாற்காலியில் வைத்தார்.

"ரசஞ் சோறு இருக்குது. மேகலா குடுத்துட்டு வரச் சொன்னா. எம்பட இஷ்டத்துக்கு உட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன்."

அந்தச் சோற்றை நான் சாப்பிட்டது போல் என் வாழ்நாளில் எதையும் சாப்பிட்டதில்லை.

நான்காம் நாள் குமார் வந்து சேர்ந்தான். ராய்ப்பூரிலிருந்து ரயில் மாறி மாறி வந்தவன். காது மடலில் கல் தூசி கூடப் போகவில்லை. கூடத்திலேயே உட்கார வைத்து அவனிடமும் சொன்னேன். அவன் கத்துவான் என்று நினைத்தேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தச் சீட்டு இப்ப எங்கீங்கப்பா?"

"மேகலாகிட்ட."

மேலே போனான். முக்கால் மணி நேரம் கழித்துக் கண் சிவந்து கீழே வந்தான். கையில் அந்தப் பழுத்த சீட்டு. நேராகப் பரிசோதனைக் கூடத்துச் சன்னலுக்குப் போனான். நான் பின்னாலேயே எழுந்தேன்.

"இப்ப எதுக்குடா சாமி இது? அவ ஆபரேஷன் முடியட்டும்."

"ஆயிரம் அடி பாறையில ஓட்டை போடறவனுங்கப்பா நான். எறக்கறதுக்கு முன்னால நீரோட்டம் பாக்கறதில்லீங்களா? இதுல என்னங்க இருக்குது?" என்றான். பிறகு, என்னைப் பார்க்காமல், "நீங்க கேட்டிருந்தா அன்னைக்கே போயிருப்பேன்" என்றான்.

அவன் ஒரு மணி நேரத்தில் முடித்த காரியத்துக்காக நான் இரண்டரை வருடம் பயந்திருக்கிறேன். முடிவில் அணுக்கள் சற்றுக் குறைவு என்று வந்தது. இல்லாமல் இல்லை, குறைவு. எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பது, வாயில் எப்போதும் புகையிலைப் பாக்கு, தூக்கமின்மை, எதையும் காரணமாகச் சொல்லலாம் என்றார் மருத்துவர். பாக்குப் பொட்டலத்தை மருத்துவமனை வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். அவனுக்கு வெட்கம் வந்ததாகவே தெரியவில்லை. வெட்கம் முழுவதும் என்னுடையதாகவே இருந்திருக்கிறது.

மாத்திரைகளை நிறுத்தி, ரத்தம் உறையும் நேரத்தைப் பரிசோதித்து, சரியாக இருக்கிறது என்ற பிறகு ஆறாம் நாள் அறுவை சிகிச்சை. வயிற்றில் மூன்று சிறு துளைகள். ஒன்றின் வழியே கேமரா, மற்றவை வழியே கருவிகள். உள்ளே கொண்டுபோகும்போது நான் லிஃப்டுக்குப் பக்கத்தில், அவள் கண்ணில் படாத தூணுக்குப் பின்னால் நின்றேன். ஸ்ட்ரெச்சர் என்னைத் தாண்டியது. "மாமா தூணுக்குப் பின்னால நிக்கறாங்க" என்று அவள் குமாரிடம் சொல்வது கேட்டது. "உக்காரச் சொல்லுங்க. முட்டி வலிக்கும்."

இரண்டே முக்கால் மணி நேரம். மருத்துவர் வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கினார். கட்டியை எடுத்தாயிற்று. சூலகத்தைக் காப்பாற்றியாயிற்று. ஒட்டியிருந்த இடது கருக்குழாயைப் பிரித்துவிட்டார்கள். வலது பக்கம் நன்றாகவே இருந்தது. "இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா இப்படிச் சொல்லியிருக்க முடியாது" என்றார். ருக்மணி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். மருத்துவமனைச் செலவுக்கு என் ஓய்வூதியச் சேமிப்பு போதுமாக இருந்தது. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

திசுப் பரிசோதனை முடிவு வர இன்னும் பத்து நாள். அதற்குள் மேகலாவை நாமகிரிப்பேட்டைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். நான் தனியாக வீட்டில் இருந்தேன். ஃபிரிட்ஜ் கதவில் பசை காய்ந்த தடம் மட்டும் இருந்தது. பத்தாம் நாள் மதியம் ருக்மணியிடமிருந்து ஃபோன். எடுக்கவே கை வரவில்லை.

"ஏனுங்கண்ணா, கேன்சரு இல்லியாமா. சாதாக் கட்டிதானாமா." பிறகு கொஞ்சம் தயங்கி, "சாப்பிட்டீங்களா?" என்றார்.

சாப்பிட்டேன் என்று சொன்னேன். அதன் பிறகுதான் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஏழு வீடுகளுக்கும் போனேன். நான் உங்களுக்கு மாத்திரை சொன்னது தவறு, காரணம் தெரியாமல் சொன்னேன், என் மருமகளுக்கு இப்படி ஆயிற்று, புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பேருமே போய் மருத்துவரைப் பாருங்கள், வலி இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். இதே வார்த்தைகளை ஏழு இடத்திலும் சொன்னேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு வீட்டில், "உங்க பையனுக்குக் கொறையின்னா எங்க பையனுக்கும் கொறையாய்ப் போயிடுமா?" என்று அந்தப் பையனின் அம்மா கேட்டார். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல், என்னுடையது. இன்னொரு வீட்டில் ஓர் இளம் பெண் எட்டு மாதக் குழந்தையைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தாள். "உங்க மாத்திரைலதானுங்க சார் பொறந்துச்சு." அப்படி இருக்காதம்மா, எனக்கு அது தெரியாதம்மா என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, காலில் விழ வந்தாள். மற்ற ஆறு வீட்டு வசவையும் தாங்கினேன், அந்த ஒரு வணக்கத்தைத் தாங்க முடியவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை வந்துவிட்டுத்தான் ஏறினேன். அந்த ஏழில் இரண்டு தம்பதிகள் பிறகு சேலத்துக்குப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அது அவர்களுடையது.

மேகலா திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியாது. வர வேண்டும் என்று கேட்கும் உரிமையும் இல்லை. நாற்பது நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரோடு வந்து இறங்கினாள். அவன் வெளிமாநில வண்டியை விட்டுவிட்டு, திருச்செங்கோட்டில் ரிக் பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்திருந்தான். தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம். மேகலா நேராக என் அறைக்கு வந்து, "வரைபடத் தாள் மிச்சமிருக்குதுங்களா மாமா?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அவளே கட்டம் போட்டு, அதே இடத்தில் ஒட்டினாள். டிக் போடும் இடமே அதில் இல்லை.

"புள்ளி மட்டுந்தான். பாத்தீங்கன்னா கேக்கோணும்."

முதல் புள்ளி வந்த நாள் எனக்கு நாக்கு எழவில்லை. மருமகளிடம் இதைக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை, என் அப்பாவுக்கும் இருந்ததில்லை. தோசைக்கல் முன்னால் நின்றிருந்தவளிடம், "வலி எப்படி இருக்குது அம்மிணி?" என்றேன். அவள் திரும்பாமலேயே, "இன்னைக்குப் பரவால்லீங்க. முந்தியாட்ட இல்ல" என்றாள். அவ்வளவுதான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. இன்னொரு நாள் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தவள் மோரை என் பக்கம் நகர்த்தி, "பாடம் நடத்தறீங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது.

போன மாதம் மூன்றாம் மாதப் பரிசோதனை. குமாருக்குப் பட்டறையில் அவசர வேலை. நானே சேலத்துக்குக் கூட்டிப்போனேன். அதே கூடம், அதே சிவப்பு எண்கள். ஸ்கேன் முடிந்து மேகலா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் ஒரு நர்ஸ் வந்து, பெரியவர் என்று பார்த்து என்னிடம் காகிதத்தை நீட்டினாள்.

நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். "அவங்ககிட்டயே குடுங்கம்மா."

மேகலா வாங்கினாள். மேலிருந்து கீழ் வரை கண்ணை ஓட்டினாள். பிறகு அதை என்னிடம் நீட்டி, "படிச்சுச் சொல்லுங்க மாமா" என்றாள். அந்த ஆங்கிலம் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

"எல்லாத்தையும் படிக்கோணுமா?"

"ஒரு வரி உடாம."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். அவள் பெயர், வயது, தேதி, மருத்துவர் பெயர். கருப்பையின் அளவு. வலது சூலகம் இயல்பு. இடது சூலகம் இயல்பு. கட்டி மீண்டும் வரவில்லை. இரண்டிலும் முட்டைகள் வளர்கின்றன. குரல் கம்மிவிட்டது, முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேக்கல மாமா" என்றாள் மேகலா. "அந்தக் கடைசி ரெண்டு வரிய இன்னொருக்காப் படிங்க."

படித்தேன்.